ஐந்து மார்க்கா

கடையில் இதற்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது இப்போது.
யூரோ வந்த நாளிலிருந்து செல்லாக்காசு.
நான் இதை
இறக்கைகளைத் தட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

யாமியார்வியில் மார்ச் மாதம்.
ஓடுபாதை இன்னும் பனிக்கடியில்.
கொட்டகைக்குள் மின்கணப்பு ஒன்று
தன்னை மட்டும் சூடாக்கிக்கொண்டிருந்தது.
மரத்தாங்கிகளின்மேல் கிடந்தது இல்போவின் கிளைடர்,
இஞ்சின் இல்லாதது, பதினைந்து மீட்டர்.
புதுப் பெயின்ட்டில் குழல்விளக்குகள்
வளையாமல் நேராய் ஓடின.
"முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்" என்றார்.
நாளை டாம்பெரேயிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள்,
முன்பணத்தோடு.

வெள்ளை எதையும் சொல்லாது.
வெள்ளையின் வேலையே அதுதான்.
அரை மில்லிமீட்டர் பூச்சு. அதன் கீழே
அடுக்கடுக்காய்க் கார்பன் நார்,
பிசினை நம்பிப் படுத்திருக்கும் அத்தனை அடுக்கும்.
அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
அறுத்துப் பார்த்தபின் பறக்க முடியாது.
ஆகவே தட்டுகிறேன்.

டிண். டிண். டிண்.
காசு துள்ளித் திரும்பினால் கீழே இறுக்கம்.
விரலளவு நகர்ந்து, டிண்.
காலையிலிருந்து இதுதான்.
இல்போ காப்பி கொண்டுவந்தார். அது ஆறியது.
"ஏரிப் பனியை நானும் இப்படித்தான்
இரும்புக்கோலால் குத்திக் கேட்பேன்,
எங்கே நிற்கலாம், எங்கே கூடாதென்று."
"அப்படியானால் உங்களுக்குக் காது உண்டு" என்றேன்.
அவர் கணப்பைப் பார்த்தார்.

இடது இறக்கையில்,
பிரேக் தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி,
டொப்.

மறுபடி. டொப்.
ஈரத்துணிக்குள் பேசினாற்போல.

கூழ் தடவி மீயொலிக் கருவியை வைத்தேன்.
ஒலி உள்ளே போகும், அடி தொடும், மீளும்.
மீள ஆகும் நேரம்தான் கனம்.
இங்கே அது சீக்கிரமே வந்துவிட்டது,
பாதி வழியில் கதவு சாத்தியிருக்கத்
திரும்பி வந்தவனைப்போல.
திரையில் ஒரு முள், இருக்கக்கூடாத இடத்தில்.

"என்ன தெரிகிறது?"
"காற்று. தலைமயிர்க் கனத்துக்கு."

எட்டு வருடம் முன்பு, என்றார். டிரெய்லர்க் கதவு.
சட்டென்று ஒரு காற்று வீசியதில்.
தேய்த்து, பூசி...
அதற்குப் பின் நானூறு மணி நேரம் பறந்தாயிற்று.
"ஒன்றும் ஆகவில்லையே."
அது உண்மை.
அந்த உண்மைதான் என் வேலையில் எப்போதும் இடைஞ்சல்.

டிண்ணுக்கும் டொப்புக்கும் நடுவே
மெழுகுப் பென்சிலால் சிவப்பாய் ஒரு வட்டம்.
அளந்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர்.
கையேடு இருபதுவரை மன்னிக்கும்.

சொன்னேன்.
நாளைய தம்பதி, முன்பணம், எட்டு வருடம்
எல்லாம் அந்த ஒற்றை மில்லிமீட்டரில்
பத்திரமாய் ஏறி உட்கார்ந்தன.

அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கினார்.
தன் வீட்டுச் சுவிட்சை இருட்டில் தொடுகிறவர்போல,
தடவாமல், தேடாமல்,
என் வட்டத்திலிருந்து முன்விளிம்பு நோக்கி
நீளமாய் ஒரு வால் வரைந்தார்.
"அன்றைக்கு இதுவரை விரிந்திருந்தது.
பசை ஏற்றி இறுக்கினேன். குளிர்நாள்.
பிடித்ததா என்று தெரியாது."

அந்த வாலின்மேல் தட்டினேன். டிண்.
கருவியை வைத்தேன். ஒலி நல்லபடியாய்ப் போய்
நல்லபடியாய் வந்தது.
ஒட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்
இரண்டு பரப்புகளை
எந்தக் கருவியும் பிரித்தறியாது.
காசுக்கும் தெரியாது. எனக்கும்.

படிவத்தில் 'சோதனை முறை' என்றொரு கட்டம்.
தட்டல், என்று எழுதினேன். மீயொலி.
கீழே இடம் நெருக்கமாக இருந்தது, எழுத்தைச் சிறிதாக்கி,
உரிமையாளர் சொன்னது.
நீளம் அறுபத்து நான்கு. பறக்கத் தடை.

வெளியே அவர் டாம்பெரேவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்,
முதுகைக் காட்டி, பனியில்,
ஒரு காலால் தரையை
விட்டு விட்டுத் தட்டியபடி.