இடது ஓரம்

வெள்ளிக்கிழமைதோறும் கூலியை எண்ணி
உறையில் போட்டுக் கொடுத்தவன் நான்.
நியூ பெட்ஃபோர்டு, ஹோல்கம் பஞ்சாலை, இரண்டாம் மாடி,
கம்பி வலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி.

இருபத்தாறில், பனி உருகும் சமயம்,
முதலாளியின் மருமகன் ஒருவனைக் கூட்டிவந்தான்.
புடாபெஸ்டிலிருந்து, பந்தாட, என்றான்.
பெயர் கேட்டேன். வந்தவன் சொன்னான்.
சிப்பாசி என்று எழுதினேன்.
அடுத்த வாரம் ஜெப்சி.
மூன்றாம் வாரம், மை மிச்சமாகட்டும் என்று
வெறும் ஆல்.
அவன் திருத்தவில்லை.
காசை மட்டும் இரண்டு தடவை எண்ணினான்.

பந்துக்குச் சம்பளம் என்று எழுதக்கூடாதாம்.
வேலை என்ற கட்டத்தில்
தறி மெக்கானிக் என்று போடு, என்றான் மருமகன்.
போட்டேன். வாரம் ஐம்பது டாலர்.
நிஜமான தறி மெக்கானிக் ஜெர்வாசியோ ஃபுர்த்தாதோவுக்கு
இருபத்தொன்று.

சனிக்கிழமைகளில்
இடது ஓரக் கோட்டின் மேலேயே ஓடுவான்,
பூட்ஸில் சுண்ணாம்பு ஒட்ட.
பந்து காலுக்கு வந்ததும்
எதையோ மறந்துவிட்டவன் மாதிரி
ஒரு கணம் சும்மா நிற்பான்.
எதிராளியும் நிற்பான், பாவம்.
அப்புறம் பார்த்தால்
எதிராளி மட்டும் அங்கே நின்றுகொண்டிருப்பான்.

இருபத்தெட்டு, ஏப்ரல்.
கூலியில் பத்தில் ஒன்றை வெட்டினார்கள்.
தறிகள் நின்ற பிறகுதான் தெரிந்தது
இந்த ஊரில் கடற்பறவைகள் இவ்வளவு கத்தும் என்று.
ஆட்டம் மட்டும் உண்டு என்று அறிவித்தார்கள்.
பத்துப் பேர் சட்டை மாட்டினார்கள்.
அவன் ஆலை வாசலில், மறியல்காரர்களோடு,
ஃபுர்த்தாதோவின் மனைவி கொடுத்த
முட்டைக்கோஸ் சூப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

நீ ஆட்டக்காரன், உனக்கு எதற்கடா ஸ்டிரைக்?
மருமகனுக்கு மூச்சு வாங்கியது.
பதிவேட்டைப் பாருங்கள், என்றான் இவன்,
தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில்,
நான் தறி மெக்கானிக்.

வலைக்குப் பின்னால் நானும் சிரித்தேன்,
சத்தம் வராமல். எனக்கும் குடும்பம் இருந்தது.
மாலைப் பத்திரிகை அவனை இடதுசாரி என்றது,
எந்த அர்த்தத்தில் என்று விளக்காமல்.

வேலை போயிற்று. ப்ரூக்ளினில் இரண்டு பருவம்.
பிறகு லீக்கே திவால்.
அட்டைகள் வரும், கோல் கணக்கு, மழை, முழங்கால்.
லியோன். ஒரு வருடம் ஒன்றுமில்லை. ட்ரியெஸ்டே,
துறைமுகப் பையன்களுக்குப் பயிற்சி.

முப்பத்தெட்டு நவம்பரில் ஒரு கடிதம்.
யூதர்கள், வெளிநாட்டார்,
மார்ச்சுக்குள் இத்தாலியை விட்டுப் போகவேண்டுமாம்.
பொலிவியா தூதரகத்தில் கேட்டிருக்கிறான்.
பந்து உதைப்பவர்கள் அங்கே போதுமாம்,
கைத்தொழில் தெரிந்தவர்கள்தான் தேவையாம்.
ஐயா, உங்கள் பதிவேட்டில்
நான் இன்னும் தறி மெக்கானிக்தானா?

ஆலை மூடி இரண்டு வருடம்.
பதிவேடுகள் என் வீட்டு நிலவறையில்,
நிலக்கரி மூட்டைக்குப் பக்கத்தில்.
நூற்று ஏழு வாரம் புரட்டினேன்.
எத்தனை பெயர்கள் அவனுக்கு!
எல்லாம் என் கையெழுத்தில்.
எந்த அதிகாரி இதை ஒரே ஆள் என்று நம்புவான்?

கடிதத்தின் அடியில் அவன் போட்டிருந்த கையெழுத்தை
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.
ஆலாடார் செப்பெஷி. தறி மெக்கானிக்.
வேலையில் சுத்தம்.
முத்திரையின் மை காய்ந்து கிடந்தது.
எச்சில் தொட்டு அழுத்தினேன்.

பதில் வரவில்லை.
பொலிவியா வெகு தூரம் என்பேன்,
யாராவது கேட்டால்.

ஃபுர்த்தாதோவிடம் சொன்னபோது
சான்றிதழில் பொய் என்ன இருக்கிறது என்றார்.
ஸ்டிரைக் நாளில், பொழுது போகாமல்,
அறுந்த நூலை முடிய அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்,
ஆலை வேலியில் இரண்டு இழையைக் கட்டி.
நாலு தடவை நழுவவிட்டானாம்.
ஐந்தாவது தடவை
இடது கையால் முடிந்தானாம்.