முப்பத்தெட்டு

நாளை விடிந்ததும் அஸ்மாராவிலிருந்து இறக்கம்.
கடல்வரை வளைவுமேல் வளைவு,
பாதி வழியில் மூடுபனி,
நெஃபாசித் தாண்டினால் சாலை நடுவே குரங்குகள்.
இன்றிரவு என் சமையல் மேசைமேல்
இரண்டு ஹேண்டில்பார்.

ஒன்று கார்பன்.
போன வருடப் பந்தயத்துக்கு வந்த பெல்ஜியக்காரன்
விமானம் ஏறுமுன் கழற்றித் தந்தது.
தூக்கினால் வெறுங்கை போலிருக்கும்.
அகலம் நாற்பத்திரண்டு.
அதைப் பிடித்தால்
யாரையோ கட்டியணைக்கப் போகிறவளாய்
காற்றுக்கு நெஞ்சைத் திறந்து வைக்கிறேன்.

இன்னொன்று அலுமினியம்.
மெதெபெர் சந்தையில்
தகரம் தட்டும் இரைச்சலில் பேரம் பேசியது.

ரிஷான் அளவுநாடாவோடு வந்தாள்.
தோள் எலும்பின் முனைக்கு முனை பிடித்து
"முப்பத்தெட்டு" என்றாள்.
"அவ்வளவுதானா நான்?"
"காற்றுக்கு நீ அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது."

பிறகு ஒரு நக்பா காசெடுத்து
கார்பனைத் தட்டிக்கொண்டே போனாள்.
டிக். டிக். டிக்.
ஸ்டெம் கவ்வும் இடத்தருகே
தொக்.
இன்னொரு முறை தட்டச் சொன்னேன்.
தொக்.
விளக்கடியில் ஒரு மயிரிழை.
மயிராகவே இருக்கட்டுமென்று
நகத்தால் வழித்துப் பார்த்தேன்.
போகவில்லை.
போல்ட்டில் பலம் காட்டியது யாரோ,
பல் போவது எனக்கு.

விற்றால் மூன்று மாத வாடகை வரும்.
வாங்குகிறவனுக்கும் பல் உண்டே.
ரம்பம் தேடி
நடுவில் அறுத்தோம்.
கரித்தூள் பறக்காமலிருக்க ஈரத்துணி போட்டு,
ஒன்றும் பேசாமல்.

அலுமினியத்துக்கு நான்கு போல்ட்.
குறுக்குக்குக் குறுக்காக, கால் சுற்று, கால் சுற்று,
மேல் இடுக்கும் கீழ் இடுக்கும்
ஒரே அளவாகும்வரை.
ஐந்தில் டார்க் சாவி க்ளிக் என்றது.
இன்னும் கொஞ்சம், என்றது என் கை.
"கையைக் கேட்காதே" என்றாள் ரிஷான்.

முன்சக்கரத்தை முழங்காலிடையில் நெருக்கி
அவள் முறுக்கிப் பார்த்தாள்.
பிரேக் பிடிமேல் என் முழு எடையும் போட்டுத்
தொங்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
டேப்பை அடியிலிருந்து சுற்றி வந்தால்
ஒரு பக்கத்து மூடி காணோம்.
திறந்த குழாய், விழுந்தால் தொடையில் வட்டமாய்த் துளை போடும்.
யார் கல்யாணத்திலோ திறந்த ஒயினின் கார்க்
அலமாரியில் கிடந்தது.
சீவி அடைத்தோம்.

கையைத் துடைத்துக்கொண்டு ரிஷான் கிளம்பினாள்.
நாளை அவள் வேறு அணி,
வேறு நிறச் சட்டை.
முதல் வளைவிலேயே நான் முந்தியாக வேண்டிய முதுகு.

கதவு சாத்தினேன்.
காலடி படியிறங்கி ஓயட்டுமென்று நின்றேன்.
சாவியை எடுத்து
நான்கையும் மறுபடி சோதித்தேன்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

நான்காவதும்.

விளக்கை அணைத்த பிறகும்
முகம் சுட்டது.