பூட்டிய வீட்டின் செவ்வாய்க்கிழமைகள்

பதினான்கு மாதம் கழித்து
மடிப்பாக்கத்தில் என் கதவைத் திறக்கிறேன்.
தூசி இல்லை.
அதுதான் முதலில் உறுத்தியது.

பினாயில் வாசனை, ஆறி ஒருநாள் இருக்கும்.
பால்கனியில் புறா எச்சம் சுரண்டிய கோடுகள்.
சுரண்டிய கருவி கம்பியிடுக்கில் செருகியிருக்கிறது:
காலாவதியான என் ஏடிஎம் அட்டை.
எனக்கு உதவாமல் போன பின்னும்
என் பெயர் இந்த வீட்டில் வேலை செய்திருக்கிறது.

"மாசம் ரெண்டு தடவ வாங்க, நவநீதம்.
வந்து சேத்துக் குடுத்துடறேன்."
வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில்
சொல்லிவிட்டுப் போனேன்.
'சேர்த்து' என்பது
எவ்வளவு வசதியான சொல்.

ஊத்ரெக்ட்டில் என் வீட்டைத் துடைக்க
ஸ்வெத்லானா வருவாள், ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி.
மணிக்கு இவ்வளவு என்று அவள்தான் சொன்னாள்.
கோடையில் மூன்று வாரம் ஊருக்குப் போனாள்,
அதற்கும் சம்பளம் கேட்டாள்,
குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல.
கொடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே சட்டம் நின்று
பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு கூச்சம்.
அதே கைதான் இங்கே
பதினான்கு மாதம் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

படியில் சங்கச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.
"ரேட்டக் கெடுத்துடாதீங்க சார்.
நீங்க யூரோ கணக்குல குடுத்துட்டு ஃப்ளைட் ஏறிடுவீங்க,
நாங்கதான் இங்க கெடந்து அல்லாடணும்."
அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.
அந்தக் கொஞ்சத்தையும் இத்தனை நாள்
நவநீதம்தான் கட்டிக்கொண்டு வருகிறாள் என்பது
மேலே போன பிறகுதான் தோன்றியது.
எனக்குப் பதில்கள் எப்போதும்
மூன்றாவது மாடியில்தான் கிடைக்கும்.

மாலை வந்தாள்.
பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து,
டிக்கெட் கேட்காத பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்று.
கட்டைப்பையிலிருந்து
ஊக்கு குத்திய ஒரு கட்டை எடுத்தாள்.
நகைக்கடை காலண்டரில் கிழித்த தாள்கள்.
எல்லாம் செவ்வாய்,
எல்லாவற்றிலும் ராகுகாலம் மூன்று முதல் நாலரை.
பின்பக்கம் மகளின் கையெழுத்து:
மோட்டார் ரிப்பேர். கீழேர்ந்து நாலு குடம்.
புயல் மழை. பெட்ரூம் சுவரு ஓதம். ஆறு தடவ தொடச்சது.
அம்மாவுக்கு ஜொரம். நான் வந்தேன்.

இருபத்தெட்டுத் தாள்.
அவள் பெருக்கியதை
நான் ஃபோனில் பெருக்கினேன்.

"அது வந்த செவ்வாக்கெழம," என்றாள்.
"வராத செவ்வாக்கெழம?"

எனக்குப் புரியவில்லை.

"நாராயணபுரத்துல ஒரு வீட்ல கேட்டாங்க. வாரா வாரம்.
நீங்க எந்த வாரம் ஃபோன் பண்ணி
பிளம்பர் வர்றான், தெறந்து விடுன்னு சொல்லுவீங்களோன்னு
விட்டுட்டேன்.
ஒங்க நாள யாருக்கும் குடுக்கல."

சூட்கேஸைத் திறந்து
சாக்லேட் டப்பாவை நீட்டினேன்.
வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு முறை அசைத்து,
"இது சம்பளத்துல சேராதுல்ல?"

சேராது என்றேன்.
பிறகு, இந்த வீடு வாங்கி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக,
"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

ஃபேனைப் பார்த்தாள். இறக்கையின் மேல்பக்கத்தைப்
பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.
"அஞ்ஞூறு. வராத நாளுக்குப் பாதி போதும்."

இருபத்திரண்டாயிரத்து இருநூற்றைம்பது.
விமானத்தில் போகவும் வரவும் கால் நீட்டிக்கொள்ள
கிட்டத்தட்ட அவ்வளவு கட்டியிருந்தேன்,
பேரம் பேசாமல்.

"பையன் நம்பருக்குப் போட்டுடாதீங்க."
பாலிதீன் உறைக்குள்ளிருந்து பாஸ்புக் வந்தது.
இனி ஒன்றாம் தேதி, மாதாமாதம்,
வீடு பூட்டியிருந்தாலும் என்று சொன்னேன்.
சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.
தலையை ஆட்டினாள்,
பால்காரர் பாக்கெட்டை எண்ணி வைத்தபின் ஆட்டுவதுபோல.

எழுந்தவள் தரையைப் பார்த்தாள்.
ஹாலில் இருந்து சமையலறைக்கு
என் ஷூ போய்த் திரும்பிய தடம்.

"வெளிய கழட்டிடுங்க சார்.
நாளைக்கு புதங்கெழம."