பதினெட்டாவது வியாழன்

குத்தாய்சியில் மழை.
எங்கள் ரொட்டி ஆலையின் இரண்டாம் எண் அடுப்பை
மாற்றிவிடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு
இன்றோடு பதினெட்டு வியாழன்.

ஆமாம், ஒத்துக்கொண்டுதான்.
மறுத்தவர் ஒருவருமில்லை.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான், எண்ணிப் பார்த்தேன்:
"நல்ல யோசனை" பதினொரு முறை.
"பார்க்கலாம்" நாற்பத்து மூன்று.
கோப்பின் கடைசித் தாளில் கையெழுத்துக்கு நான்கு கட்டங்கள்,
நான்கும் வெள்ளை.

போன ஞாயிறு குறிப்புகளையெல்லாம் வீட்டுத் தரையில் பரப்பினேன்.
யார் என்ன வாதாடினார் என்பதை விட்டுவிட்டேன்.
யார் எந்தச் சொல்லுக்குப் பிறகு
பேனாவை மூடினார் என்று மட்டும் தேடினேன்.

நுக்சார், பழுது பார்ப்பவர்.
ராத்திரி அடுப்பு நின்றால் அவரைத்தான் எழுப்புவோம்.
அகாலக் கூலி ஒன்றரை மடங்கு.
அந்த அரை மடங்கில்தான் அவர் மகள்
திபிலிசியில் பல் மருத்துவம் படிக்கிறாள்.
"புது அடுப்பு பழுதே ஆகாது" என்று
விற்க வந்தவன் மார்தட்டிய அன்று
நுக்சாரின் தேநீர் ஆடை கட்டும் வரை அப்படியே இருந்தது.
அதைக் குறிப்பில் எழுத முடியாது.
கெட்டவரா? அடுப்பைத் திட்டியபடி
முழங்கை வரை கரியோடு விடியும் வரை நிற்கிறவர்.
அது கெட்டுப்போவதில் உங்களுக்கு லாபம் என்று சொன்னால்
அவருக்கே அது புதுச் செய்தி.

கணக்கர் எத்தேரிக்கு டிசம்பர் முப்பத்தொன்று ஒரு மதில்.
இந்தப் பக்கம் செலவு விழுந்தால்
அந்தப் பக்கம் போனஸ் இல்லை.
விலை அதிகம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
"அவசரம் என்ன?" என்றாள். ஒன்பது முறை.

மேலாளர் வக்தாங்.
பழைய அடுப்பின் ரசீதில் அவர் கையெழுத்து,
பன்னிரண்டு வருடம் இளையது, வால் நீண்டது.
எங்கள் கோப்போ முதல் வரியிலேயே
"தவறான கொள்முதல்" என்று ஆரம்பிக்கிறது.
தன் பிழைக்குத் தானே சாட்சி போட
யாருக்குக் கை வரும்?
அந்தச் சொல்லை எழுதியது யார் என்று பார்த்தேன்.
நான்தான்.

அடித்துவிட்டு "உழைத்து முடித்த அடுப்பு" என்று எழுதினேன்.
பொய்யில்லை, உழைக்கத்தான் செய்தது.
எத்தேரியிடம், பில் ஜனவரி எட்டில் வந்தால், என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தாள்.
நுக்சாரிடம் நியாயம் பேசவில்லை.
தொகை பேசினேன்:
புது அடுப்புக்குப் பொறுப்பாளர், மாதச் சம்பளம்,
ராத்திரி தூங்கலாம்.
வெகுநேரம் கையைத் துடைத்தார்.
"தூங்கிப் பழக்கமில்லையே" என்றார்.

விற்பனை பத்ரிக்கு என்ன என்று
இன்னும் பிடிபடவில்லை.
கேட்டேன். சிரித்தார்.
வால்நட் ஜாம் கொடுத்தார்.

நேற்று ரியோனிப் பாலத்தில் குடை திருப்பிக்கொண்டது.
நனைந்தபடி நடக்கையில் தோன்றியது:
சரி, எனக்கு என்ன?
வியாழன்தோறும் ஒரு மேசை. ஆறு தலைகள் என் பக்கம் திரும்பி
"குறித்துக்கொண்டாயா?" என்று கேட்கும்.
மற்ற நாட்களில் என் பெயரைக்கூடத் தவறாகச் சொல்வார்கள்.
முடிவு எடுத்துவிட்டால்
கூட்டம் எதற்கு?
பதினெட்டு வாரமும் கோப்பைத் தூசி தட்டிச் சுமந்தேனே,
ஒரு தடவையாவது
யார் மேசையிலாவது போட்டுவிட்டு வந்தேனா?

இன்று காலை மூன்று கட்டம் நிரம்பியிருக்கிறது.
பத்ரிக்கு ஜுரமாம்.
அவர் நாற்காலிக்கு மாக்வாலாவை வரச் சொன்னேன்.
அடுப்பின் வாயில் தட்டு இழுக்கிறவள்.
கதவு இறங்கிவிழுந்த ராத்திரிகளை
முன்கையில் கோடு கோடாக வைத்திருக்கிறாள்.
கோப்பில் அவளுக்குக் கட்டம் கிடையாது.

"நான் வந்து என்ன சொல்ல?"

ஒன்றும் வேண்டாம், கையை மேசைமேல் வை.

மாவு கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள்.
மணி பத்து ஐந்து.
வக்தாங் பேனாவைத் திறந்து
மூடாமல் வைத்திருக்கிறார்.