ஒன்பதாம் அறை, ஒரு மணி நேரம்

எனக்கு இருபத்திரண்டு பெயர்கள்.
மேசைப் பலகையில் எந்த விளக்கு மினுக்குகிறதோ
அந்தக் கம்பெனி நான்.
"குட் மார்னிங், சோவர்பி காப்பீடு."
"குட் மார்னிங், மால்ட்பி லேபிள்."
ஒரு மிடறு தேநீருக்கும் அடுத்ததற்கும் நடுவே
இரண்டு முறை ஆள் மாறுவேன்.
தும்மல் வந்தால் மட்டும்
நான் நானாகவே தும்முவேன்.

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனி கணக்கு எழுதிய கட்டடம்.
நான்கு மாடி, ஒரு லிஃப்ட்.
ஈரக்காற்று அடித்தால் லிஃப்டுக்குள் மீன் வாடை.
அறை கேட்டு வருகிறவர்களுக்கு
வெயில் நாளாகப் பார்த்துத்தான் காட்டுவேன்.

அறைக்குப் பணம் கட்டுகிறவர்கள் ஒரு ரகம்.
முகவரிக்கு மட்டும் கட்டுகிறவர்கள் இன்னொரு ரகம்:
மாதம் முப்பது பவுண்டு,
ஒரு தபால் பொந்து, என் குரல்.
கார்த் ஓட்லிங் இரண்டாவது ரகம்.
மாடிப்படியில் ஏறும் நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவர்.
வெள்ளை வேன்தான் ஆபீஸ்.
பதினான்கு மாதமாகச் சொல்லிவருகிறேன்,
"வெளியே போயிருக்கிறார்."
பொய் இல்லை.
உள்ளே என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக நேரில் வந்தார்.
தொப்பியைக் கழற்றினார்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டார்.
ஏழு முதியோர் இல்லங்கள் நடத்தும் அம்மாள் ஒருவர்
வியாழன் பதினொன்றுக்கு
ஆபீஸைப் பார்க்க வருகிறாராம்.
"எந்த ஆபீஸ்?" என்று என்னைக் கேட்டார்,
நான்தான் ஒளித்துவைத்திருப்பதைப் போல.

ஒன்பதாம் அறை காலி.
ஜனவரியில் மூடிப்போன பயண ஏஜென்சி
தரைவிரிப்பில் நான்கு குழிகளை விட்டுப் போயிருந்தது.
ஒரு மேசையை அதே குழிகளில் இறக்கினோம்.
பதினேழிலிருந்து டாய்வா கோப்புகள் கொண்டுவந்தாள்,
எல்லாம் யாரோ ஒரு கோழிப்பண்ணையின் வரிக்கணக்கு.
"முதுகு தெரிந்தால் போதும், திறந்துவிடாதீர்கள்."
மால்ட்பி கதவுக்குப் பெயர்ப்பலகை அடித்துத் தந்தார்,
நாய் பிஸ்கட் லேபிளின் அதே பச்சையில்.
சோவர்பி அக்கா ஒரு செடி, தங்கை ஒரு அச்சுப்பொறி.
செடி பிளாஸ்டிக். அச்சுப்பொறி ஓடாது.
வெறுங்கை முழம் போடாதுதான்.
நாலு பேர் கை கடன் கொடுத்தால்
ஒரு அறை அளவுக்குப் போடும்.

வியாழன்.
அம்மாள் மழைக்கோட்டோடு வந்தார்.
என் மேசையருகே நின்று
நான் போனில் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.
"நீங்கள்தானா அது?
டிசம்பரில் எங்கள் மிசஸ் கோல் பாதிப் படியில்
நாற்காலியோடு மாட்டிக்கொண்டபோது,
அவர் வந்து சேரும்வரை
நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே இருந்தது?"

ஞாபகம் இருந்தது.
எல்லா விளக்கும் மினுங்கிக்கொண்டிருந்த மதியம்.
பூனைகளைப் பற்றிப் பேசினோம்.
இடையில் அந்தக் கிழவி என் பெயரைக் கேட்டாள்.
நான் "ஓட்லிங்" என்றேன்.

மேலே போய்ப் பத்து நிமிடம் இருந்தார்கள்.
இறங்கும்போது அம்மாள் கார்த்தைக் கேட்டார்:
"கோழிகளுக்குமா படி நாற்காலி போடுகிறீர்கள்?"
கார்த்தின் காது சிவந்தது.
அம்மாள் சிரித்தாரா, தெரியவில்லை.
லிஃப்டின் வாடைக்குக் கைக்குட்டையை
மூக்கில் வைத்திருந்தார்.

கடிதம் இன்னும் வரவில்லை.
ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு பில் போட்டேன்.
தேநீர் மூன்று, தனியாக.
போடாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.
மேசை போயிற்று, செடி போயிற்று,
கோழிகள் பதினேழுக்குத் திரும்பிவிட்டன.
பெயர்ப்பலகையைத்தான் மறந்துவிட்டேன்.

வெள்ளியன்று முதலாளி வந்து கேட்டார்,
"ஒன்பதில் யார்?"

எட்டாம் விளக்கு மினுக்கியது.
ஒரு நிமிடம் என்று விரலை உயர்த்திவிட்டு எடுத்தேன்.

"குட் மார்னிங், ஓட்லிங் படி நாற்காலி.
இல்லை,
இப்போதுதான் வெளியே போனார்."