ஆறு பார்த்த அறை

கொள்ளுப்பிட்டி, ஆறாம் மாடி, இரவு பத்தரை.
டக்காரில் இப்போது பின்னேரம் ஐந்து.
மற்றவர்களின் சனி ஞாயிறுகளைத்
தைத்துக் கொடுப்பது என் தொழில்.

இந்தக் கிழமை வந்தவர் மரியாமா சார்.
"சார் என்னவாம்?" என்று கேட்டான் பக்கத்து மேசை ரிஸ்மி.
சார் பெண், அது குடும்பப் பெயர் என்றேன்.
சிரித்தோம். அன்றைக்கு அவ்வளவுதான் சிரிப்பு.

வெள்ளி மதியம் புறப்பாடு.
சான்லூயிக்கு ஐந்து மணித்தியாலம்,
வழியில் நெரிசல் என்றால் ஆறு.
செனகல் ஆறு கடலில் விழ மனமில்லாமல்
கரையோரமாகவே நடக்கிற இடத்தில் ஒரு தீவு.
ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு
ஒரு சிகரெட் தூரம்.
இரும்புப் பாலம், குதிரை வண்டி, மீன்சோறு.
நான் போனதில்லை, போகவும் மாட்டேன்.
ஆனால் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு
நிழல் விழும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

சனி காலை படகுச் சவாரி என்று போட்டேன்.
அழித்துத் திருப்பி அனுப்பினார்.
சனி மாலை கடற்கரை, மீனவர் குடியிருப்பு,
நிறம் பூசிய வள்ளங்கள்,
படமெடுக்க நல்ல வெளிச்சம் என்று போட்டேன்.
அதையும் அழித்தார்.
மூன்றாம் தரம் ஒரு வரி வந்தது,
இயந்திரம் பெயர்த்த மொட்டைத் தமிழில்:
ஆறு தெரியும் அறை வேண்டும். கடல் தெரியக் கூடாது.
தம்பி அந்தக் கரையில்தான் ஏறினான்.

எங்கே போக ஏறினான் என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது;
அது நிலக்கடலை.

தீவின் மேற்கே சின்னக் கிளை,
அதற்கப்பால் நாக்குப் போல் மணல்,
அதற்கப்பால் அது.
கிழக்கே பெரிய ஆறு மட்டும்.
விடுதிக்காரரைக் கூப்பிட்டேன்.
"கிழக்கு அறை மலிவு, ஆனால் கடல் தெரியாதே"
என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.
அதைத்தான் கேட்கிறோம் என்றேன்.
மொட்டைமாடிக் காலைச் சாப்பாட்டை
அறைக்கே கொண்டுவரச் சொன்னேன்.
இருட்டிய பிறகு பாலம் ஏறும்படி
புறப்பாட்டை இரண்டு மணித்தியாலம் தள்ளினேன்.
இரவில் சத்தம் கேட்குமா என்றும் கேட்டேன்.
காற்றைப் பொறுத்தது என்றார்.
அதை மட்டும் நான் எழுதவில்லை.

இரண்டு இரவு, ஒருவர், ஒரு கட்டில்.
அனுப்பினேன்.
நன்றி என்று ஒரு சொல் வந்தது.

நள்ளிரவில் காலி வீதியில் பஸ் இல்லை.
ஆட்டோக்காரன் கேட்ட காசுக்கு வெள்ளவத்தை.
இந்த வீட்டைக் காட்டியபோது தரகர்
நேரே குசினிக்குத்தான் கூட்டிப்போனார்.
"ஜன்னலால் கடல் தெரியுது பாருங்கோ,
அதுக்குத்தான் ஐயாயிரம் கூட."
தெரிந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்
ஒரு சீப்பின் அகலம்.
குடிவந்த கிழமையே தர்மினி திரை தைத்துப் போட்டாள்,
பின்னேர வெயில் கண்ணைக் கூசுதாம்.
தடித்த துணி.
நாலு வருஷமாகக்
காலையிலும் மூடித்தான் கிடக்கிறது.

அவள் அண்ணன் நீர்கொழும்பில் ஏறியது
எனக்குத் தெரியாததல்ல.
கலியாணம் பேச வந்தவர்களே சொன்னார்கள்.
சாரதி அனுமதிப்பத்திரப் படம் ஒன்று
அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.
அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் பதினான்கு அடி.
ஊர்பேர் தெரியாத நகரத்துக்கு
எந்த ஜன்னலில் எது தெரியும் என்று சொல்கிறவன்
இந்தப் பதினான்கு அடியை நடந்ததில்லை.

விளக்குப் போடாமல் தண்ணீர் குடித்தேன்.
காற்றில் திரையின் ஒரு மூலை ஆடியது;
சட்டத்தோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊசி
கழன்று விழுந்திருக்க வேண்டும்.
இருட்டில் தடவித் தேட
வெகுநேரம் எடுத்தது.
அடுப்புக்குப் பின்னால் கிடந்தது.
குத்திவிட்டு வந்து படுத்தேன்.