இரண்டாம் எண் நிறம்

ஃபஹாஹீல் மாலின் மூன்றாம் தளம்.
மணிக்குப் பன்னிரண்டு தினார்.
திரையைத் துடைப்பது என் வேலை.
பந்து பட்டுப் பட்டு
ஸ்காட்லாந்து வானமெங்கும் அம்மைத் தழும்பு.
ஈரத்துணியால் ஒற்றினால்
தழும்பு போகும், மேகம் போகாது.

ஆட வருகிறவர்கள் கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன்,
இந்தப் புல்லுக்கு நாற்பது வயதுக்கு மேல்.
முதலில் அது புல்லே இல்லை,
கறுப்பில் நான்கு பச்சைக் கோடு.
கோட்டுக்குள் ஒரு புள்ளி.
புள்ளிதான் பந்து,
நம்புவது நம் பொறுப்பு.

அப்புறம் மரம் வந்தது.
தூரத்து மரம் முதலில், கிட்டத்து மரம் கடைசியில்,
ஒவ்வொன்றாய் வரைந்துகொண்டிருக்கும் எந்திரம்.
அகமதியில், எண்ணெய்க் கம்பெனிக் கிடங்கில்,
ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே
நெய்னா ஒரு டீ குடித்துவிடுவான்
நான் லெட்ஜரில் இரண்டு பக்கம் கூட்டிவிடுவேன்
பைன் மரம் இன்னும் இடுப்புவரைதான் முளைத்திருக்கும்.

மூன்று தட்டு, அவ்வளவுதான் அன்றைய ஆட்டம்.
முதல் தட்டில் கை ஓங்கும்,
இரண்டாவதில் பலம் நிற்கும்.
மூன்றாவது, கோடு திரும்பி வருகையில்,
இமைக்காமல்.
முந்தினால் ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம்.
ஸ்பேஸ் பாரில் எழுத்தில்லை,
அதனால் அது தேய்ந்தது
மேனேஜருக்குத் தெரியவில்லை.

வெளியே, நிஜ மைதானத்தில்,
ஒரு இணுக்குப் புல் கிடையாது.
மணல்.
குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி உருட்டிய மணல்,
அதற்குப் பெயர் ‘பிரவுன்’.
பொறியாளர் டெரிக் ஒரு முழம் பிளாஸ்டிக் புல்லை
அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார்.
பந்து விழுந்த இடத்தில் விரிப்பார், அடிப்பார்,
உதறிச் சுருட்டிக்கொண்டு போவார்.

மைதானத்தை நாமே வரையலாம் என்று
ஒரு பதிப்பு வந்தபோது
நெய்னா அகமதியை வரைந்தான்.
மூன்று வெள்ளிக்கிழமை காலடியால் அளந்தான்.
பைப்லைனுக்கு வேலி கிடைத்தது.
எரிவாயுச் சுடருக்கு எதுவும் கிடைக்காமல்
ஒரு ஒற்றை மரம்.
ஆனால் மணலில் குழி தோண்ட
எந்திரம் ஒப்பவில்லை.
மணல் அதற்குத் தண்டனை.
ஊரே தண்டனையாய்க் கிடக்கும் நிலம்
அதன் பட்டியலில் இல்லை.

கோப்பைப் பிரித்து உள்ளே போனான்.
பச்சைக்கு எண் இரண்டு, பழுப்புக்கு ஆறு.
இரண்டை ஆறாக்கினான்.
எல்லாம் பழுத்தது,
மரம் பழுத்தது, ஸ்கோர் எழுத்தும் பழுத்தது.
டெரிக் குனிந்து பார்த்து
“இப்போதுதான் சரி” என்றார்.
ஜூலை தொண்ணூறு.
பதினோராம் குழியில் நிறுத்திச் சேமித்தார்,
லீவு முடிந்து வந்து ஆட.

ஆகஸ்டை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.
அம்மானுக்குப் போன பஸ்ஸில்
என் சட்டைப்பையைத் தடவிய சிப்பாய்
பிளாப்பியைக் காதோரம் வைத்துக் குலுக்கினான்.
விளையாட்டு என்றேன்.
உள்ளே ஒன்றும் கேட்கவில்லை போல,
திருப்பித் தந்தான்.
நெய்னா வேறு பஸ்.

அதற்கப்புறம் பச்சைதான் பெருகியது.
நிழல் வந்தது, காற்று வந்தது,
புல் தனித்தனியாய் அசைந்தது.
தட்டு போய்க் கட்டைவிரல் வந்தது.
கட்டைவிரலும் போய்
வெறுங்கையை டிவி முன் வீசி
குழல்விளக்கை உடைத்தார்கள்.
இப்போது ராடார், பந்து எத்தனை சுற்று சுற்றியது என்று
என்னைவிட நன்றாகக் கூட்டுகிறது.

வெள்ளிச் சந்தையில் இரண்டு தினாருக்கு
பழைய டிரைவ் ஒன்று கிடைத்தது.
நேற்று மால் பூட்டிய பிறகு,
செக்யூரிட்டி தமாங் பார்த்துக்கொண்டிருக்க,
ஸ்காட்லாந்தை அணைத்துவிட்டு
சுவரளவுக்கு அகமதியை ஏற்றினேன்.
பதினோராம் குழி. டெரிக்கின் முறை.
ஒற்றை மரம் எரியாமல் நின்றது.
தட்டினேன்.
தட்டினேன்.
மூன்றாவது கொஞ்சம் பிந்திவிட்டது.
பழுப்பில் எழும்பி
பழுப்பில் விழுந்து
பழுப்பில் உருண்டு நின்றது பந்து.

கீழே, முப்பது வருஷத்துக்கு மேலாகியும்
விஷயம் தெரியாத எந்திரம் எழுதியது:
பச்சையில் இருக்கிறீர்கள்.
குழிக்குப் பதினான்கு அடி.